காட்டிக் கொடுத்த சீர் கார்

போன் அலறியது.

தமிழரசு ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து ஸ்பீக்கரைத் தட்டினான்.

"தொப்பூர் டோல் தாண்டியாச்சு போல..." கரகரத்த ஆண் குரல். "சேலம் கோர்ட்டுக்குப் போனா உசுரு இருக்காது. இப்படியே திரும்பிப் போயிருங்க."

கட்.

பக்கத்து சீட்டில் மஃப்டியில் இருந்த எஸ்.ஐ. மஞ்சுளா, வந்த கொட்டாவியை முழுதாக முடித்துவிட்டுத்தான் கேட்டாள்.

"ரவுடி இவ்வளவு மரியாதையாவா மிரட்டுவான்?"

"எங்க பக்கம் அப்படித்தாங்க மேடம். வெட்டறதுன்னாலும் வாங்கன்னு கூப்பிட்டுத்தான் வெட்டுவாங்க."

சிரிக்க இருவருக்கும் தெம்பில்லை.

விஷயம் இதுதான். லாரி டிரைவர் பச்சமுத்துவை அவன் முதலாளி கௌதமன் குத்திக் கொன்றதை நேரில் பார்த்த ஒரே ஆள் தமிழரசு. பார்த்தவன் வாயை மூடிக்கொண்டு இருந்தானா? இல்லை. ஸ்டேஷனுக்குப் போய்ச் சொன்னான். அன்று பிடித்த ஓட்டம். ஓசூரில் மாதக்கணக்காக ஒளிந்து கிடந்துவிட்டு, இன்று சாட்சி சொல்ல வருகிறான். ஸ்டேஷன் ஜீப் ஒர்க்‌ஷாப்பில் படுத்துவிட்டதால், காவலுக்கு வந்த மஞ்சுளாவும் அவன் காரிலேயே ஏறிக்கொண்டாள்.

தமிழரசுவுக்குப் பயப்படக்கூட அலுப்பாக இருந்தது.

"பழைய போனைத் தூக்கிப் போட்டாச்சு... புது சிம்மு... அப்படியும் எந்த டோல் தாண்டறேன்னு எப்படிங்க மேடம் தெரியுது?"

மஞ்சுளாவின் பார்வை முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த ஃபாஸ்டேக்கில் போய் நின்றது.

"இதுல காசு எடுத்தா மெசேஜ் யார் போனுக்குப் போகும்?"

தமிழரசு நெளிந்தான்.

"கார் கல்யாணச் சீருங்க. டேக்கும் எங்க மாமியா வசந்தாமணி நம்பர்லதான். ரீசார்ஜும் அவங்களே பண்ணிருவாங்க..."

ஆறு வருடமாக டோல் காசை மிச்சம் பிடித்த மாப்பிள்ளை, போகிற இடத்தையெல்லாம் மாமியாருக்குத் தந்தி அடித்துக்கொண்டிருந்திருக்கிறான்!

"உங்க புது நம்பர் யாருக்குத் தெரியும்?"

"கிருத்திகாவுக்கு மட்டுந்தான்." சொன்னதும் அவன் சாலையை விட்டு அவள் பக்கம் திரும்பினான். "மேடம்... எம் பொண்டாட்டியே என்னைய..."

"ரோட்டைப் பாருங்க."

ஓமலூர் டோல். கேட் உயர்ந்தது. கார் கொஞ்சதூரம்கூடப் போகவில்லை... போன்.

"ஓமலூரும் தாண்டியாச்சா? இதுதான் கடைசி..."

மஞ்சுளா குறுக்கிட்டாள். "போலீஸ் பேசறேன். போனை வசந்தாமணியம்மாகிட்ட குடுங்க."



பிறகு அதே குரல், கரகரப்பெல்லாம் கழன்று, பாவமாக:

"ஏனுங்க மாப்ள... சாப்பிட்டீங்களா?"

தமிழரசு காரை ஓரங்கட்டினான். மாமனார் மருதாசலம்! கல்யாணமான நாளிலிருந்து 'வாங்க மாப்ள' என்பதற்கு மேல் அவனிடம் ஒரு வார்த்தை பேசியிராத மனிதர். மிரட்டலுக்கு அதைவிடத் தோதான குரல் ஏது?

போன் கை மாறியது.

"நாந்தான் சாமி அவரைப் பேசச் சொன்னேன்." வசந்தாமணியின் குரல் உடைந்தது. "நல்லபடியாச் சொன்னா நீங்க கேக்கமாட்டீங்க. அந்த கௌதமன் உங்களை உடமாட்டான். கிருத்திகாவுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. அவ போன்ல இருந்து நம்பரை நாந்தான் எடுத்தேன். எம் புள்ள தாலியோட இருக்கோணும்..."

"பச்சமுத்து பொண்டாட்டியும் யாரோ பெத்த புள்ளதானுங்களே அத்தை." தமிழரசுவுக்குக் கோபம் வரவில்லை, அதற்கும் தெம்பு வேண்டுமே. "ஓடி ஓடிச் சலிச்சுப்போச்சுங்க. சொல்ல வேண்டியதைச் சொல்லிப்போட்டு ஊட்டுக்கு வந்து தூங்கோணும்."

அந்தப் பக்கம் வசந்தாமணி மூக்கை உறிஞ்சினாள்.

"சரி... வாங்க சாமி. நாங்க கோர்ட்டு வாசல்லதான் நிக்கறோம்."

"என்னது? ஊட்டுல, பரமத்தி வேலூர்ல இல்லீங்களா?"

"நீங்க மீறி வந்தா வாசல்லயே மறிக்கலாம்னு வந்தமுங்க. இனி எதுக்கு மறிக்கறது? ஆளுக்கொரு பக்கமா நின்னு உள்ள கூட்டிட்டுப் போறோம்."

மஞ்சுளா போனருகே குனிந்தாள். "அங்க கௌதமன் ஆளுங்க இருப்பாங்கம்மா. எதுல வந்தீங்க, கார்லயா?"

"காருங்களா? பஸ்ஸுலதானுங்க வந்தோம். கார்ல வந்தா டோல்காரன் போற வார இடத்தையெல்லாம் கிருத்திகா போனுக்கு மெசேஜ் அடிச்சுப்போடறானுங்களே... மனுசனுக்கு ஒரு மறைவு வேண்டாமுங்களா?"