சுவரில் மாட்டிய சாப்பாடு

உண்மையான கலைக்கு அழிவே கிடையாது. மாதர் சங்க ஆண்டு விழாவில் ஞானபாக்கியம் மைக்கைப் பிடித்துக்கொண்டு இப்படித்தான் முழங்கினாள். மைக் வேலை செய்யாததால் முன்வரிசை மட்டும் கை தட்டியது. மறுநாள் காலை அவள் ஹாலுக்கு வந்தபோது, பீங்கான் தட்டில் அவள் வரைந்திருந்த திராட்சைக் கொத்தில் பாதியைக் காணோம்.

பெயிண்ட் உரிந்து விழவில்லை. சுரண்டிய தடமும் இல்லை. பழம் இருந்த இடத்தில் தட்டு வெள்ளை வெளேரென்று இருந்தது. காம்புகள் மட்டும் மிஞ்சியிருந்தன, தின்று போட்ட கொத்தில் மிஞ்சுமே, அது மாதிரி.

"பிச்சையம்மா, தட்டைப் புளி போட்டுத் தேச்சியா?"

"சொவத்துல தொங்குறதை நான் எதுக்கும்மா தேய்க்கப் போறேன்? அடுப்படில கெடக்கிறதைத் தேய்க்கவே எனக்கு இடுப்பு இல்லை."

தட்டு சரியாக வேகவில்லை போலிருக்கிறது என்று ஞானபாக்கியம் முடிவு செய்தாள். போடியில் பீங்கானைச் சுட உலை கிடையாது. பால்பாண்டியின் ரொட்டிக்கடை அடுப்புதான் கலைக்குக் கைகொடுத்தது. பன்னை எடுத்த பிறகு மிச்ச சூட்டில் அவளுடைய தட்டுகளை உள்ளே தள்ளுவான்.

"நல்லா வெந்துச்சும்மா. நேத்து பன்னுல பெயிண்ட் வாசம் வருதுன்னு ரெண்டு பேரு திருப்பிக் குடுத்துட்டாக. அதுக்கு யாரு பதில் சொல்றது?" என்றான் அவன்.

குமுளியிலிருந்து கூடலூர் வழியாக ஜீப்பில் வந்த வெள்ளைத் தட்டுகள், கொச்சியிலிருந்து தருவித்த பெயிண்ட், அணில்முடித் தூரிகை. ஐம்பது வயதில் அவளுக்கென்று வந்த முதல் சொத்து அது. அதற்கு முன்னால் மாமனார் ஜெபமணி இருந்தார். ஏலக்காய் வியாபாரி, சபைக் கமிட்டிப் பெரியவர். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மூன்று வேளையும் அவருக்குப் பரிமாறியவள் ஞானபாக்கியம். சாப்பிட்டு முடியும்வரை நாற்காலிக்குப் பின்னால் நிற்க வேண்டும். அவருடைய பல்செட் ஒவ்வொரு கவளத்துக்கும் டொக், டொக் என்று தட்டும். போன வருஷம் அந்தச் சத்தம் நின்றது. அடக்கத்துக்கு வந்தவர்கள் அவள் அழுததைப் பார்த்து மெச்சினார்கள். அவள் களைப்பில் அழுதாள்.

சாப்பாட்டு மேஜைக்கு மேலே அவருடைய போட்டோ. கீழே ஆணிகள் காலியாக இருந்தன. வீணாக்குவானேன் என்று வரைந்த தட்டுகளை அங்கேயே வரிசையாக மாட்டினாள். கலை பழகுகிறவர்கள் முதலில் என்ன வரைவார்கள்? திராட்சை, வாழைப்பழம், மீன், ஒரு ரொட்டி.

அந்த வாரத்திலேயே வாழைப்பழம் போயிற்று. தோல் மட்டும் மூன்றாக விரிந்து கிடந்தது. பிறகு மீன். சாயங்கால ஜெபம் முடித்து அவள் கண்ணைத் திறந்தபோது தட்டில் தலை இருந்தது, வால் இருந்தது, நடுவில் மெல்லிசாக முள் இருந்தது.

அவள் முள் வரையவே இல்லை.

பிச்சையம்மாள் விளக்குமாற்றோடு வந்து தட்டைப் பார்த்தாள். போட்டோவைப் பார்த்தாள். விளக்குமாற்றைக் கீழே போட்டாள்.

"என்னம்மா பண்ணி வச்சிருக்கீக! பெரியவுக படத்துக்கு முன்னால வகைவகையாச் சாப்பாட்டை வச்சா அதுக்குப் பேரு என்ன? எங்க வீடுகள்ல அமாவாசைக்கு வைப்போம். வச்சுக் கூப்பிட்டா வருவாக. சாப்பிட்டதும் தண்ணியக் குடுத்து, போயிட்டு வாங்கன்னு அனுப்பணும். நீங்க பாட்டுக்கு வச்சுட்டீக, அவுக பாட்டுக்கு வந்துட்டாக. போன்னு சொல்ல ஆளில்லை."

"நாங்க படையல் வைக்கிறவங்க இல்லை பிச்சையம்மா."

"அது உங்களுக்குத் தெரியுது. பசிக்குத் தெரியுமா?"

ஒரு சொம்புத் தண்ணீர் வைத்து, போய் வாருங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். ஆனால் மாதர் சங்கத்தில் மூடநம்பிக்கை ஒழிப்பைப் பற்றிப் பேசியவளும் ஞானபாக்கியம்தான். அந்தக் கூட்டத்தில் மைக் வேலை செய்தது.

ஏலக்காய்க் கடையிலிருந்து வந்த புருஷன் ஜேசுராஜிடம் சொல்லிப் பார்த்தாள்.

"செத்த பிறகும் எங்கப்பா உன் கைச் சாப்பாட்டைத் தேடி வர்றாகன்னா, உனக்குப் பெருமைதான?" என்று அவர் செய்தித்தாளைப் புரட்டினார்.

தட்டுகளைக் கழற்றி அலமாரியில் பூட்டினாள். பூட்டிய அலமாரிக்குள்ளிருந்து டொக், டொக். திறந்தபோது எல்லாம் வெள்ளை. ஏலக்காய் மூட்டைகளின் வாசனையைத் தாண்டி, மாமனார் முழங்காலுக்குத் தேய்க்கும் தைலத்தின் நெடி. அவளுக்குப் பயத்தைவிட அலுப்பு அதிகமாக வந்தது. உயிரோடு இருக்கும்போது சமைத்ததைத் தின்றார். இப்போது வரைந்ததைத் தின்கிறார். தனக்கென்று ஒன்றை வைத்துக்கொள்ள இந்த மனுஷனிடமிருந்து எங்கேதான் ஒளிப்பது?

அப்போதுதான் ஞாபகம் வந்தது. "உன் மூஞ்சியப் பார்த்தா எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது." எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார், விருந்தாளிகள் முன்னால்கூட.

ஞானபாக்கியம் இருப்பதிலேயே பெரிய தட்டை எடுத்தாள். கண்ணாடி முன்னால் உட்கார்ந்து தன் முகத்தையே வரைந்தாள். கண், கன்னம், உதடு, நரைத்த வகிடு. பால்பாண்டியிடம் கொடுத்துச் சுட்டு வாங்கி, போட்டோவுக்கு நேர் கீழே மாட்டினாள். இனி சாப்பிடட்டும் பார்க்கலாம்.

இரண்டு நாள் வீடு அமைதியாக இருந்தது. அவள் ஜெயித்துவிட்டதாக நினைத்தாள்.

மூன்றாம் நாள் பொழுது சாயும்போது மலைப்பக்கமிருந்து மழை இறங்கி, ஓட்டில் அடித்து, தாழ்வாரத்துச் சாக்குகளை நனைத்து, ஈரச் சணலும் ஏலக்காயும் கலந்த கனத்த வாசனையை வீடு முழுக்கப் பரப்பிக்கொண்டிருந்தபோது கரண்ட் போயிற்று. முன்பக்கக் கடையில் ஜேசுராஜ் யாரையோ மெழுகுவத்தி கேட்டு அதட்டிக்கொண்டிருந்தார். அவள் அடுப்படியில் அரிக்கேன் விளக்கைத் தடவி எடுத்துப் பற்றவைத்தாள். ஹாலில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

டொக்.

விளக்கோடு வந்தாள். சுவரில் ஆணி மட்டும். தட்டு மேஜைமேல் இருந்தது. நாற்காலி பின்னால் தள்ளியிருந்தது, ஆள் உட்காரும் அளவுக்கு. தைல நெடி. நாற்காலியில் யாரும் இல்லை. ஆனால் அதன் மெத்தை அமுங்கியிருந்தது.

டொக். டொக்.

தட்டில் அவளுடைய உதடுகளைக் காணோம். தாடையும் இல்லை. இடது கன்னத்தில் பிறை மாதிரி ஒரு கடி. ஓரம் ஈரமாகப் பளபளத்தது.

"ஏங்க" என்று கூப்பிட வாயைத் திறந்தாள்.

திறக்க வாய் இல்லை.

கையைக் கொண்டுபோனாள். மழமழவென்றிருந்தது. சில்லென்றிருந்தது. விரல் வழுக்கிக்கொண்டு கழுத்துவரை போயிற்று.

"பாக்கியம்! ஏம்மா, கூப்பிடக் கூப்பிடப் பேச மாட்டேங்கிற?" முன்பக்கமிருந்து ஜேசுராஜ்.

டொக்.

ஹாலின் இடது பாதி இருண்டது. விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. மிச்சமிருந்த கண்ணால் பார்த்தாள். தட்டில் இடது கண் இருந்த இடம் வெள்ளை. அவசரமே இல்லாத மெல்லல். சாப்பாட்டை ரசிக்கிற மெல்லல். அவள் கால்கள் தாமாக நடந்து நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றன. அங்கேயே நின்றன.

டொக்.

முழு இருட்டு.

நாற்காலி பின்னால் நகர்ந்தது. யாரோ நிதானமாக எழுந்தார்கள்.

ஞானபாக்கியம் இரண்டு கையாலும் தன் முகத்தைத் தடவிப் பார்த்தாள். மூக்கை மட்டும் தின்னாமல் ஒதுக்கியிருந்தார்.

தட்டில் அந்த மூக்கு அவ்வளவு சரியாக வந்திருக்கவில்லை.