தண்ணி ஏற்றிய வண்டி

நரம்பில்லாத நாக்கு என்பார்கள். இந்தக் காலத்து ஜனங்களுக்கு அந்த நாக்கிலேயே நரம்பு முளைத்துவிட்டது என்பது எத்திராஜுலுவின் கட்சி. வாய் நிறையத் தண்ணி என்று சொல்ல ஒருத்தருக்கும் துணிச்சல் இல்லை. நீராம், நீர்! பாடப் புத்தகத்தை விழுங்கிவிட்டு ஏப்பம் விடுகிற மாதிரி.

காலை ஏழு மணி. பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரி மேடவாக்கத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. முன்னும் பின்னும் போனவை எல்லாம் தானோட்டிகள். கையால் ஓட்டுகிறவர் அந்தச் சாலையில் அவர் ஒருவர்தான். நாற்பத்தொரு வருஷப் பழக்கம். கையோட்டு உரிமம் ஒன்றுதான் அவருக்கு மிச்சம்.

போன் அடித்தது. அடுக்குமாடிக் குடியிருப்பின் மேற்பார்வைக்காரி ஜெசிந்தா.

"அண்ணே, எங்க இருக்கீங்க? இங்க ஒரு சொட்டு நீர் இல்ல. ஜனம் என்னைத் திங்குது."

"வந்துனே இருக்கேம்மா. காலங்காத்தாலயே நல்லா தண்ணி ஏத்திக்கினுதான் வண்டி ஓட்டினு வரேன்."

"ஐயையோ அண்ணே, நீர்னு சொல்லுங்க..."

அவள் முடிப்பதற்குள் லாரி தானாகவே ஓரம் கட்டி நின்றது.

காரணம் இல்லாமல் எந்த வண்டியையும் மறிக்கக் கூடாது என்று பத்து வருஷத்துக்கு முன் கோர்ட்டு சொல்லியிருந்தது. நல்ல தீர்ப்புதான். அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு வண்டியிலும் செவியன் என்ற ஒட்டுக்கேட்கும் கருவியை வைத்தார்கள். ஓட்டுகிறவன் வாயிலிருந்தே காரணம் விழுந்துவிடும்.

"மது அருந்தியதாக ஒப்புதல் கேட்கப்பட்டது," என்றது செவியன். ஸ்டீயரிங் பக்கத்தில், ஒரு துளி ரத்தத்தில் சாராயத்தைக் கண்டுபிடிக்கும் துளிமானி நீண்டது. "விரலை வையுங்கள். மறுத்தால் கையோட்டு உரிமம் ஆயுளுக்கும் ரத்து."

எத்திராஜுலு வாழ்க்கையில் கள்ளைக்கூடத் தொட்டதில்லை. ஆனால் கூட்டாளி கஜபதி இப்படித்தான் நம்பி விரலை வைத்தான். சாராயம் இல்லை, சர்க்கரை இருக்கிறது என்று உரிமத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். இவருக்கும் சர்க்கரை உண்டு. எவ்வளவு என்று அவர் பார்த்ததில்லை.

"மாட்டேன்," என்றார்.

மறுப்பை மனிதர் ஒருவர் நேரில் கேட்கவேண்டும் என்பது சட்டம். பத்து நிமிடத்தில் மறுப்பு அலுவலர் பூங்கொடி வந்து இறங்கினாள். பதிவைக் கேட்டாள். குபீரென்று சிரித்துவிட்டாள்.

"ஐயா, தண்ணி லாரி தண்ணி ஏத்தாம பின்ன..." சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு தன் வண்டியைத் திரும்பிப் பார்த்தாள். குரல் இறங்கியது. "மறிச்சதே செல்லாதுங்க. மறிச்சது செல்லலைன்னா நீங்க மறுத்ததும் குத்தமில்ல."

"அப்ப ஆளை வுடு."

"காரணம் தப்புன்னு பதியணும். செவியன் தப்பாக் கேக்காதுன்னு சட்டத்துல இருக்கு. அதனால நீங்கதான் சொல்லணும். 'நான் சொன்ன சொல் தவறு, இனி நீர் என்பேன்.' அவ்ளோதான், உரிமம் உங்க கையில."

"இன்னாம்மா தப்பு? உள்ள கீறது இன்னா, பாலா?"

"சும்மா சொல்லிட்டுப் போங்கய்யா. நான்லாம் சொல்லலையா?"

"சொல்லித்தான இப்பிடிக் கீறீங்க. அது தப்பாக் கேக்கும், நான் தப்பாப் பேசினேன்னு சொல்லணுமா? நாளைக்கு என் பேரையே தப்புன்னும். மாத்திக்கவா?"

துளிமானியின் விளக்கு சிவப்பானது; உரிமம் ரத்து. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

"வெயில் ஏறுது," என்று பாட்டில் ஒன்றை நீட்டினாள். "குடிச்சிட்டுப் போங்க."

"இதுக்குப் பேரு இன்னா?"

அவள் உதடு பிரிந்தது. கண் தன் வண்டிப் பக்கம் போய் வந்தது.

"நீர்," என்றாள்.

"நான் அதைக் குடிக்கிறதில்ல."

அவர் நடந்தார். ஆளில்லாத லாரி பின்னாலிருந்து கிளம்பி, அவரைத் தாண்டிக் குடியிருப்பை நோக்கிப் போனது. மேல் மூடி வழியாகத் தளும்பியது அவர் சட்டையில் தெறித்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"தண்ணிதான்டா," என்று சாலை கேட்க உரக்கச் சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.