வலப்பக்க லீவர்

காலை 9.10. அலமாரி பூட்டியபடியே இருந்தது. சைக்கிள் மெக்கானிக் சாவியைப் போட்டுத் திறந்தார். மேல் தட்டிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை எடுத்து மூடியைத் தூக்கினார். உள்ளே இரண்டு கியர் லீவர்கள் இருந்திருக்க வேண்டும். இடப்பக்கத்து லீவர் மட்டும் இருந்தது.

"வலது எங்கண்ணே?" என்றாள் குருவி.

மெக்கானிக் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினார். ஒன்றும் விழவில்லை. "யாரோ எடுத்துட்டாங்க" என்றார்.

குருவி என்பது சைக்கிள் சங்கத்தில் வைத்த பட்டப்பெயர். கூரியர் அலுவலகத்தில் பொட்டலம் பிரிப்பவள். அன்று மாலை நான்கு மணிக்கு இருபது கிலோமீட்டர் பந்தயம். ஒவ்வொருவராகத் தனியே கிளம்பிக் கடிகாரத்தோடு போட்டி போட வேண்டும். சங்க அணியில் ஓர் இடம்தான் பாக்கி, அது முந்துகிறவருக்கு. விடுப்பு இந்த ஒரு தடவைதான், இனிமேல் கேட்கக் கூடாது என்று அலுவலகத்தில் எழுதியே கொடுத்துவிட்டார்கள்.

அவள் வண்டி பழைய சாமான்களைச் சேர்த்துக் கட்டியது. பின்சக்கரத்தில் ஒன்பது பல்சக்கரம். குனிந்து படுத்தபடி, கையை எடுக்காமல் கியர் மாற்ற, நீட்டுப் பிடியின் நுனியில் செருகும் லீவர் வேண்டும். பின்னால் கியர் மாற்றுவது வலது லீவர்; பல்சக்கரம் எத்தனையோ அதற்கும் அத்தனை கிளிக் வேண்டும். இப்போது வருவதெல்லாம் பன்னிரண்டு கிளிக். ஒன்பது கிளிக் லீவர் யாரிடமாவது கிடந்தால்தான் உண்டு. நான்கு மாதம் தேடி, வெளியூர்க்காரர் ஒருவரிடமிருந்து நேற்றுத்தான் கூரியரில் இந்தக் கடைக்கு வந்தது. பெட்டியின் மேல் பெரிதாக ஒன்பது என்று அச்சிட்டிருந்தது.

கூட வந்திருந்த அத்தை ரயில்வேயில் சிக்னல் ஆய்வாளர். வண்டி நிற்கக் கூடாத இடத்தில் நின்றால் விசாரிக்கப் போவது அவர் வேலை. தப்பு யாருடையது என்று முதலில் கேட்க மாட்டார். எது எப்போது நகர்ந்தது என்றுதான் கேட்பார்.

"நேத்து இந்தப் பெட்டியைத் திறந்தீங்களா, தம்பி?"

"இல்லக்கா. வந்ததும் அப்படியே உள்ள வச்சேன். காலையில மாட்டிக்கலாம்னு."

"சாவி?"

"ஆணியில தொங்கும். சாயந்தரம் ஆறரைக்கு டீ குடிக்கப் போனேன். பத்து நிமிஷம்."

"அப்போ கடையில யாரு?"

மெக்கானிக் துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த கைதான். "மருந்துக்கடைப் பொண்ணு. டியூப் வாங்க வந்துச்சு."

குருவிக்கு அதற்கு மேல் கேட்கத் தேவைப்படவில்லை. அந்த ஓர் இடத்துக்குப் போட்டி போடும் இன்னொருத்தி அவள்தான். அத்தை தடுப்பதற்குள் போன் போட்டு, திருடி என்ற வார்த்தையை மூன்று தடவை சொல்லிவிட்டு வைத்தாள். போலீசுக்குப் போகலாம் என்றாள். அவர்கள் எழுதி முடிப்பதற்குள் மணி நாலாகிவிடும் என்றார் அத்தை.

9.40. சைக்கிள் தாங்கியில் நின்றது. சங்கிலி மாட்டியாயிற்று, அதைப் பல்லுக்குப் பல் தள்ளும் பின்கியரும் மாட்டியாயிற்று. வலது லீவரிலிருந்து பின்கியருக்குப் போகும் கேபிள் மட்டும் சுருட்டி நடுத்தண்டில் தொங்கியது. காலையில் பாக்கெட்டைப் பிரித்த புதுக் கேபிள் என்றார் மெக்கானிக். அத்தை அதை விரலிடுக்கில் ஓடவிட்டுப் பார்த்தார். நுனியிலிருந்து ஒரு சாண் தள்ளி ஓரிடத்தில் உருட்சியாக இல்லை, தட்டையாக இருந்தது. மறுபடி சுருட்டி இருந்த இடத்திலேயே மாட்டினார். பெட்டி அனுப்பியவரின் நம்பரைக் குருவியிடம் வாங்கிக்கொண்டார்.

10.25. மருந்துக்கடையில் கூட்டம். மருந்துக்கடைக்காரி மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே பேசினாள். குருவியின் பக்கம் திரும்பவில்லை.

"கடையில எவ்வளவு நேரம் இருந்தே?" என்றார் அத்தை.

"டியூபை எடுத்தேன், வந்தேன். அண்ணன் டீக்கடையில நின்னாரு."

"அலமாரி?"

"பூட்டியிருந்துச்சு. அத்தை, என் வண்டியில எட்டுப் பல்சக்கரம். ஒன்பது லீவரை எடுத்து நான் என்ன, சாமி கும்பிடவா?"

வாசலுக்கு வந்ததும், அவள் நடிக்கிறாள் என்றாள் குருவி. தனக்கு உதவாவிட்டாலும் அடுத்தவளுக்குக் கிடைக்கக் கூடாது என்று எடுக்கிறவர்கள் இல்லையா? அத்தை மறுக்கவில்லை. அப்படி எடுக்கிறவள் பெட்டியோடு எடுத்துக்கொண்டு போயிருப்பாளே, ஏன் ஒன்றை மட்டும் பொறுக்கி எடுத்தாள் என்று கேட்டார். குருவி மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

11.20. பெட்டி அனுப்பியவர் நான்காவது தடவைதான் போனை எடுத்தார். அத்தை இரண்டு நிமிடம் "ம்" மட்டும் கொட்டினார். பிறகு, "அந்தச் சீட்டை எங்க வச்சீங்க?" என்றார். இன்னும் ஒரு "ம்". நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

11.45. சைக்கிள் கடையில் மெக்கானிக் ஊரிலுள்ள கடைகளுக்கெல்லாம் போன் போட்டு முடித்து, பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஒன்பது எங்குமே இல்லை. அத்தை அவர் எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"லீவரைக் குடுங்க தம்பி."

"என்னக்கா சொல்றீங்க?"

"புதுக் கேபிள்ல நசுங்கல் எப்படி வந்துச்சு? பின்கியர் ஆணியில வச்சு இறுக்கினாத்தான் கம்பி அப்படித் தட்டையாகும். லீவர் இல்லாம கேபிளை இறுக்கி என்ன பண்றது? யாரோ லீவரை மாட்டி, கேபிளை இழுத்துக் கட்டி, கியர் போட்டுப் பாத்துட்டுக் கழட்டியிருக்காங்க. திருட வந்தவன் மாட்டிப் பாத்துட்டா திருடுவான்? அதுவும் பத்து நிமிஷத்துல?"

மெக்கானிக் தரையைப் பார்த்தார்.

"பெட்டி மட்டும்தான் ஒன்பது. வீட்டுல கிடந்த பெட்டியில எட்டு கிளிக் லீவரைப் போட்டு அனுப்பியிருக்காரு. ஏமாந்துடக் கூடாதேன்னு சீட்டு எழுதி அடியில வச்சிருக்காரு. இப்போ அந்தச் சீட்டும் இல்ல. திருடனுக்குச் சீட்டு எதுக்கு? எட்டுன்னு தெரிஞ்சா யாருக்கு அவமானமோ, அவங்களுக்குத்தான் அது இருக்கக் கூடாது."

லீவரின் போட்டோவைப் பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு வாங்கு, நான் பொறுப்பு என்று சொன்னவர் இந்த மெக்கானிக்தான். அந்தப் பேச்சை நம்பித்தான் குருவி ஓடிக்கொண்டிருந்த பழைய லீவர் செட்டைக் கழற்றி விற்றாள். நேற்று ஏழு மணிக்கு மாட்டிப் பார்த்தால் கியர் ஒரு பல்லிலும் உட்காரவில்லை. காலைக்குள் ஒன்பது ஒன்றைத் தேடிப் பிடித்துவிடலாம் என்றுதான் மறைத்தாராம். பெட்டியைக் கவிழ்த்தபோது, எடுத்துட்டாங்க என்ற வார்த்தை வாயில் வந்துவிட்டதாம். டிபன் பையிலிருந்து லீவரை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"லீவரை ஒளிச்சது போகட்டும். அந்தப் பொண்ணைத் திருடின்னு சொன்னப்போ வாயை மூடிக்கிட்டு இருந்தீங்களே" என்றார் அத்தை.

மெக்கானிக் எழுந்து வண்டியின் பின்சக்கரத்தைத் தொட்டார். குரல் இறங்கி, பின்கியர் எட்டுக்கும் ஒன்பதுக்கும் ஒன்றுதான் என்றார். சங்கிலியும் ஓடும். எட்டுப் பல்சக்கரம் போட்ட பின்சக்கரம் ஒன்று கிடைத்தால் அரை மணி வேலை. நேற்றே ஏன் செய்யவில்லை? சக்கரம் கேட்டால் எதற்கென்று கேட்பார்களே, எட்டு என்று சொல்ல வேண்டி வருமே.

எட்டு யாரிடம் இருக்கிறது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

12.30. மருந்துக்கடையில் குருவி மட்டும் உள்ளே போனாள். அத்தை வெளியே நின்றார்.

"அக்கா, தப்பு என்னோடது. அண்ணன்தான் ஒளிச்சு வச்சிருந்தாரு."

"ம்."

"உங்ககிட்ட இன்னொரு பின்சக்கரம் இருக்கா?"

மருந்துக்கடைக்காரியின் கத்தரிக்கோல் நின்றது. "காலையில பேசின வாய்தானே இது?"

"அதே வாய்தான்க்கா."

"எனக்கு எதிரா ஓட்ட, என் சக்கரம்."

குருவி தலையாட்டினாள். கடைக்கு வந்த பெரியவர் ஒருவர் சீட்டை நீட்டினார். மருந்துக்கடைக்காரி அவருக்கு மருந்தை எடுத்துக் கொடுத்து, எப்போது சாப்பிட வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினாள். பிறகு பின்னறைக்குப் போய் ஒரு சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தாள்.

"அஞ்சாவது பல்லுல சத்தம் போடும். பயந்து நிறுத்திடாதே."

4.12. மருந்துக்கடைக்காரி கிளம்பி ஒரு நிமிடம் கழித்துக் குருவி கிளம்பினாள். ஏழாவது கிலோமீட்டரில் அந்தச் சத்தம் வந்தது. கால் நிற்கவில்லை.

5.20. பலகையில் நேரங்களை எழுதினார்கள். மருந்துக்கடைக்காரியைவிடக் குருவி நான்கு நொடி முந்தியிருந்தாள். மெக்கானிக் கூட்டத்தின் பின்னால் நின்றார், பக்கத்தில் வரவில்லை. மருந்துக்கடைக்காரி மட்டும் நேராக வந்து, குருவியின் முகத்தைப் பார்க்காமல், குனிந்து சக்கரத்தைப் பார்த்தாள்.

"இவ்வளவு வேகம் வச்சிருந்துட்டு இத்தனை வருஷமா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே இது" என்றாள். பிறகு நிமிர்ந்தாள். "கழட்டிக் குடு. நாளைக்கு எனக்குப் பிராக்டிஸ் இருக்கு."