மணிகளின் மிச்சக் கைகள்

சொட்டுச் சத்தம் நின்றுபோயிருந்தது.

காலையிலிருந்து ஆய்வகத்தில் அவளுக்குத் துணை அந்தச் சத்தம்தான். கண்ணாடிக் குழாய்க்குள் கடுகைவிடச் சின்ன வெள்ளை மணிகள், அவற்றின் மேல் ஒட்டவைத்த நொதி. மேலே பால் புரதக் கரைசலை ஊற்றினால் நொதி அந்தப் புரதங்களை ஒன்றோடொன்று கோத்துக் கீழே அனுப்பிவிட்டு, தான் மட்டும் மணியிலேயே தங்கிவிடும். இப்போது குழாயின் நுனியில் ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது. விழவில்லை.

"மணியோட மிச்சக் கையை அடைச்சியாடி?" என்று மதியம் பக்கத்து மேசைக்காரி கேட்டிருந்தாள்.

"அடைச்சாச்சு."

அவளுக்குப் பொய் சரளமாக வராது. அன்றைக்குப் பார்த்து வந்தது. ஒவ்வொரு மணிக்கும் புரதத்தைப் பற்றிக்கொள்ள ஆயிரம் கைகள் உண்டு. அவற்றில் சில நொதியைப் பிடித்துக்கொள்ளும், மற்றவற்றை மருந்து ஊற்றி இரண்டு மணி நேரம் ஊறவைத்து அடைக்க வேண்டும். நேற்று மகளுக்குக் காய்ச்சல். அம்மாவின் கையைக் கன்னத்தோடு இறுக்கிப் பிடித்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். அந்த இரண்டு மணி நேரத்தை இவள் விழுங்கிவிட்டு வீட்டுக்கு ஓடியிருந்தாள்.

மூடியைத் திறந்தாள். புளித்த பால் வாடை முகத்தில் அடித்தது. அடைக்காத கைகள் புரதத்தைப் பிடித்துக்கொண்டதில் உள்ளே எல்லாம் கட்டியாக உறைந்திருந்தது. அதே நேரம் போன் அடிக்க, கையுறையோடு தொட்டால் திரை வேலை செய்யாது என்று வலது கையுறையைக் கழற்றினாள்.

"திரும்ப சூடு ஏறுது. மாத்திரையும் தீந்துபோச்சு. நீ வந்ததும் நான் கடைக்குப் போறேன்," என்றான் கணவன்.

பதற்றத்தில் வெறும் விரலாலேயே கட்டியைக் கிளறிவிட்டாள்.

சோப்புப் போட்டுத் தேய்த்தாள். விரலில் ஒட்டிய மணிகள் போகவில்லை. மகள் காய்ச்சலில் கிடக்க, தான் இங்கே கை கழுவிக்கொண்டிருப்பதை நினைத்து எரிச்சலாக வந்தது. இடது கையுறையையும் கழற்றி எறிந்துவிட்டு அந்தக் கையால் அழுத்தித் தேய்த்தாள். வலது ஆள்காட்டி விரலும் நடுவிரலும் ஒட்டிக்கொண்டன. பிரித்தபோது நடுவில் நூல்போல் ஏதோ இழுபட்டது. தோலும் புரதம்தானே. வலிக்கவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

புதுக் கையுறைக்குள் வலது கையைத் திணித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வழியெல்லாம் உள்ளே விரல்கள் நெருங்கிக்கொண்டே வந்தன. ஐந்தை எண்ணிப் பார்த்தாள். மூன்றுதான் அசைந்தன.

மாத்திரை வாங்கிக்கொண்டு அவன் திரும்பியதும் மருத்துவரிடம் ஓடிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். கணவன் செருப்பு மாட்டினான்.

"சூடு எப்படின்னு தொட்டுப் பாத்துக்கோ."

கதவு சாத்திக்கொண்டது. அறையில் மெல்லிய விளக்கு. மகளின் மூச்சு.

வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். இடது கை சுத்தம். அதை நெற்றியில் வைத்தாள். கொதித்தது.

அப்போதுதான் நினைவு வந்தது. தேய்த்துக் கழுவியது எந்தக் கை?

"அம்மா, கையை எடும்மா. கனமா இருக்கு."

எடுத்தாள்.

கை வரவில்லை. தலை வந்தது.

குனிந்து பார்த்தாள். உள்ளங்கை எங்கே முடிகிறது, நெற்றி எங்கே தொடங்குகிறது, தெரியவில்லை. இடையில் கோடே இல்லை.

"அசையாதடா கண்ணு. அம்மாவைத் தொடாத."

குழந்தைக்கு அதற்குள் தூக்கத்தில் கண் சொக்கியது. வழக்கம்போல, தன் இரண்டு கைகளாலும் அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.