ஜனவரியில் தொங்கிய பன்றி

"தம்பியைப் பிடிச்சிட்டாங்கள், அண்ணை. கொலையாம். அகதி வழக்கும் போச்சு எண்டு லோயர் சொல்லுறார்."

வாசலில் நின்ற யோகராணியின் கோட்டிலிருந்து பனி உருகிச் சொட்டியது. திருகோணமலையில் பொலிஸ் சார்ஜன்டாக இருந்த நீக்கிலாப்பிள்ளை இப்போது மொன்றியலில் வழக்கறிஞர்களுக்கு மொழிபெயர்ப்பாளர்.

"இரு பிள்ளை. முதலிலை இருந்து சொல்லு."

நோத்ர-டாம்-த-கிராஸ் பகுதியில் படச்சட்டக் கடை வைத்திருந்த கிழவரின் மண்டையை யாரோ சுத்தியலால் பிளந்திருந்தார்கள். அது போதாதென்று கழுத்தையும் அறுத்திருந்தார்கள். பின்னறையில், அவள் தம்பி பேரின்பநாதன் வேலை செய்யும் மேசைக்கடியில், அவனுடைய கத்தியோடு பிணம் கிடந்தது. காலையில் கடை திறந்தவன் கிழவரை மடியில் தூக்கி வைத்துக் கதறியிருக்கிறான். பொலிஸ் வந்தபோது அவன் உடம்பெல்லாம் இரத்தம்.

"சாவி ஆரிட்டை?"

"கிழவரிட்டையும் தம்பியிட்டையும்தான். தம்பியோடை ஒரே அறையிலை இருக்கிற கனகசிங்கமண்ணை சாதகம் பாக்கிற மனிசன். கடைக்குள்ளை காலே வைக்கயில்லையாம்."

பின்னேரம் லோயர் கேட்டுக்கொண்டபடி பொலிஸ் அதிகாரி அவர்கள் இருவருக்கும் கடையைத் திறந்துவிட்டார். முன்கூடத்துச் சுவரில் பன்னிரண்டு ஓவியங்கள். நல்ல விலைபோகும் பழைய கிறிஸ்தவச் செபப்புத்தகம் ஒன்றின் நாட்காட்டிப் பக்கங்கள். ஒவ்வொன்றிலும் அந்த மாதத்துத் தொழில், மேலே ஒரு ராசி, ஓரத்தில் திருநாள்கள். நெருப்புக் காய்பவன், கதிர் அறுப்பவர்கள், பன்றியின் கழுத்தில் கத்தி இறக்குபவன். ஒவ்வோர் ஆணிக்குக் கீழும் மாதப் பெயர் பொறித்த பித்தளைத் தகடு.

பன்றியின் இரத்தம் சட்டியில் வழியும் படம் ஜனவரித் தகட்டுக்கு மேலே தொங்கியது. அதன் மேலே மகர ராசி, ஓரத்தில் சிவப்பு மையில் கிறிஸ்து பிறந்த நத்தார் திருநாள்.

"உன்ரை தம்பி மாதா கோயிலிலை பூசைக்கு உதவினவன் எல்லோ?"

"ஓம், சின்னனிலையிருந்தே."

"அவன் டிசம்பர் நத்தாரை ஜனவரியிலை மாட்டியிருக்கமாட்டான்," என்ற நீக்கிலாப்பிள்ளை கனகசிங்கத்தை அழைத்துவரச் செய்தார்.

"அண்ணை, மகரம் எந்த மாசம்?"

"தை. இதைக் கேக்கவோ ஐசே கூப்பிட்டனீர்? சின்னப்பிள்ளைக்கும் தெரியும்."

"மேடம், அந்த ஆட்டு ராசி?"

"சித்திரை."

நீக்கிலாப்பிள்ளை சுவரைக் காட்டினார். "தை பிறக்கிறது ஜனவரியிலை, சித்திரை பிறக்கிறது ஏப்ரலிலை. எங்கடை பஞ்சாங்கக் கணக்கு அது. இந்தப் புத்தகக்காரர் மகரத்தை டிசம்பரிலையும் ஆட்டை மார்ச்சிலையும் வைச்சவை. இப்ப பன்னிரண்டு படமும் ஓராணி தள்ளித் தொங்குது. களவெடுக்கக் கழட்டேக்கை கிழவர் வந்திட்டார். அவரைச் சாகடிச்சுப் பின்னுக்கு இழுத்துப்போட்டு, களவு தெரியாமல் படங்களைத் திரும்ப மாட்டினவர் திருநாளைப் பாக்கயில்லை, ராசியைப் பாத்தார். நித்திரையாக் கிடந்த பொடியன்ரை சாவியை எடுக்க எவ்வளவு நேரம்?"

"புளுகாதையும்!"

"நான் புளுகலாம். சட்டங்களுக்குப் பின்னாலை இருக்கிற விரலடையாளம் புளுகாது. இந்த ஐயா இப்ப எடுக்கப்போறார்."

கனகசிங்கம் பாய்ந்தார். நீக்கிலாப்பிள்ளையின் தலை சுவரில் மோதியது. குரல்வளையில் பெருவிரல்கள் இறங்கின. "அந்தக் கிழவன் கிடந்தமாதிரி நீயும் கிடப்பாய்!" அதிகாரி பின்னாலிருந்து இழுத்தும் பிடி தளரவில்லை.

சுவரோரம் சாத்தியிருந்த சட்டக் கட்டையொன்றை யோகராணி எடுத்து அந்த முழங்கையில் ஓங்கி அடித்தாள். எலும்பு முறிந்த சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. கனகசிங்கம் மடிந்து விழ, அதிகாரி விலங்கு மாட்டினார். நீக்கிலாப்பிள்ளை இருமி இருமி, கேட்டதையெல்லாம் பிரெஞ்சில் சொன்னார்.

அவளுக்குத் தெரிந்த பிரெஞ்சு கொஞ்சந்தான். கட்டையை இறக்காமலே கேட்டாள்: "மோன் ஃப்ரேர்? என்ரை தம்பி?"

அதிகாரி கட்டையைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார்.

"வுய், மதாம். இண்டைக்கே விடுறம்," என்று அவர் சொன்னதை நீக்கிலாப்பிள்ளை தமிழில் சொல்லிமுடித்த பிறகுதான் அவள் கை தளர்ந்தது.