எட்டாம் சேனலில் இரண்டு நிமிட இருட்டு

கதவைத் தள்ளிக்கொண்டு முதலில் உள்ளே போனது நாய். அதன் கயிற்றைப் பிடித்தபடி பின்னால் இழுபட்டுப் போனவள் டெல்ஃபீன் திபோ.

வெளியே ஏப்ரல் மழை. மார்லோ ஃபால்ஸ் ஊர் முழுக்கச் சேறு. ஆற்றுப் பாலத்தருகே அனாதையாக நின்றிருந்த அந்த மஞ்சள் நாயைப் பார்த்ததும் அவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. நேராக நூலகத்தின் அடித்தளத்தில் இருக்கும் ஊர் டி.வி. ஸ்டூடியோவுக்குக் கூட்டி வந்துவிட்டாள். புதன்கிழமை ஆறரை மணிக்கு எட்டாம் சேனலில் அவளுடைய நேரலை உண்டே... 'காணோமா? கிடைச்சதா?' காணாமல் போன பிராணிகளைத் தேடுகிறவர்களும் கண்டெடுத்தவர்களும் போன் செய்து பேசும் நிகழ்ச்சி.

உள்ளே ஒரே விளக்கு வெளிச்சம். நடுவில் வெள்ளித்தாள் ஒட்டிய அட்டை விண்கலம். அதன்முன், தலையில் பாஸ்தா வடிகட்டும் பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டு நின்றவர் தபால் நிலையத்து ஹோரஸ். முகமெல்லாம் பச்சைச் சாயம்.

"பூமியில் வசிப்பவர்களே..." என்று அவர் கையை உயர்த்தினார்.

நாய்க்கு அந்தக் குரல் பிடிக்கவில்லை. ஒரே பாய்ச்சல்! விண்கலம் இரண்டாக மடிந்து, மூன்றாகச் சரிந்து தரையில் படுத்துக்கொண்டது.

"கட்! கட்!"

கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒருவன் ஓடி வந்தான். உயரமாய், கலைந்த தலையுடன்...

"ஏங்க, இது ஸ்டூடியோவா, நாய்ப் பண்ணையா?"

"மணி ஆறு இருபது. ஆறரைக்கு என் நிகழ்ச்சி. என் இடத்துல ராக்கெட்டை நிறுத்தி வெச்சது நீங்க."

"ராக்கெட் இல்ல, விண்கலம். மூணு வாரம் ராத்தூக்கம் இல்லாம ஒட்டினேன்!"

"மூணு வாரமா? மூணு செகண்டுல போயிடுச்சே..."

அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். அப்போதுதான் இருவரும் ஒருவரையொருவர் சரியாகப் பார்த்தார்கள். பனி உருகி ஓடத் தொடங்கிய ஆற்றின் நிறம் அவன் கண்களுக்கு... கோபம் இருந்தது. கோபத்துக்கு அடியில் ஏதோ சிரிப்பும் இருந்தது. டெல்ஃபீன் அவசரமாக நாயைப் பார்த்தாள். நாய் வெள்ளித்தாளை மென்றுகொண்டிருந்தது.

"சண்டை முடிஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டே கட்டுப்பாட்டு அறையிலிருந்து வந்தார் மிசஸ் பெட்ராகிஸ். ஸ்டூடியோவின் மேனேஜர், காவல்காரர், சட்டம் எல்லாம் அவரே. "டெல்ஃபீன், உன் கேமராப் பொண்ணுக்குக் காய்ச்சல். வெண்டெல், நீ இவளுக்குக் கேமரா பிடி. டெல்ஃபீன், நீ இவன் படத்துக்கு லைட் பிடி. அடுத்தவங்களுக்குக் கை கொடுக்காதவங்களுக்கு இங்க நேரம் கிடையாது, தெரியுமில்ல?"

"மிசஸ் பெட்ராகிஸ்!" என்றன இரண்டு குரல்கள் ஒன்றாக.

"பாத்தீங்களா, இப்பவே ஒத்துப்போறீங்க."

வெண்டெல் லாரபி பகலில் பள்ளி பஸ் ஓட்டுபவன். மீதி நேரமெல்லாம் சினிமா. இந்த முறை கதை, பூமிக்கு வந்த செவ்வாய்க் கிரகத்து மனிதனைப் பற்றி. தன் கிரகத்தில் இல்லாத ஒன்றே ஒன்றை அவன் இங்கிருந்து தெரிந்துகொண்டு போக வேண்டும். அது என்ன என்பது மட்டும் வெண்டெலுக்கே தெரியவில்லை.

"கதை எழுதறவருக்கே முடிவு தெரியாதா, டைரக்டர் சார்?" என்று விளக்கைத் தூக்கிப் பிடித்தபடி சீண்டினாள் டெல்ஃபீன்.

"தெரிஞ்சா எடுக்கறதுல என்னங்க சுவாரசியம்? லைட்டை அசைக்காதீங்க... செவ்வாய்க்காரருக்கு ரெண்டு மூக்கு தெரியுது."

"வேற்று கிரகத்துல இருக்கலாம்ல?"

அவன் சிரித்தான். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தச் சிரிப்பு அவளோடு நடந்து வந்தது. 'பகலெல்லாம் கால்நடை மருத்துவர் முன் அறையில் உட்கார்ந்து பூனை, முயல் எல்லாவற்றுக்கும் பேர் எழுதுகிற எனக்கு, ஒரு பஸ் டிரைவரின் சிரிப்பு எதற்கு?' என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

நாயைத் தேடி யாரும் போன் செய்யவில்லை. ஒரு வாரம்... இரண்டு வாரம்... அவள் அதற்கு பிஸ்கட் என்று பெயர் வைத்தாள். அது அவள் கட்டிலில் பாதியைத் தனதாக்கிக்கொண்டது.

நான்காம் புதன்கிழமை நிகழ்ச்சி முடிந்த கையோடு ஒரு பால்பண்ணைக்காரர் சேற்று பூட்ஸுடன் படியிறங்கி வந்தார். அவரைக் கண்டதும் பிஸ்கட் போட்ட ஆட்டத்தில் கேமராவே கவிழப் பார்த்தது. யார் நாய் என்று கேட்கவே தேவையில்லை. டெல்ஃபீன் சிரித்துக்கொண்டே கயிற்றைக் கொடுத்தாள். கையசைத்து அனுப்பினாள். வண்டிச் சத்தம் மறைந்ததும், பக்கவாசல் படியில் போய் உட்கார்ந்து, மழையைப் பார்த்து அழுதாள்.

சற்று நேரத்தில் பக்கத்தில் யாரோ உட்கார்ந்தார்கள். வெண்டெல். ஒரு டோனட்டை இரண்டாகப் பிட்டு, பெரிய பாதியை நீட்டினான்.

"உங்களுக்கு..?" என்றாள் மூக்கை உறிஞ்சியபடி.

"எனக்குச் சின்னது போதும்ங்க."

அந்தச் சின்ன வார்த்தையில் என்ன இருந்ததோ... அழுகை நின்றுவிட்டது. அவன் தோள் மீது சாய்ந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சாயவில்லை.

அடுத்த வாரக் கடைசியில் ஊர் மன்றத்தில் உள்ளூர்ப் படங்களின் காட்சி. அதற்கு முந்தின நாள் அவளை எடிட்டிங் அறைக்கு அழைத்தான் வெண்டெல். சின்னக் குழந்தை மாதிரி முகம் பூரித்திருந்தது.

"முடிவு கிடைச்சிடுச்சு! நீங்கதான் முதல்ல பாக்கணும்."

திரையில் செவ்வாய்க்காரர் ஒரு கதவிடுக்கில் எட்டிப் பார்த்தார். அடுத்த காட்சியில்... படிக்கட்டு. மழை. குனிந்த தலை. கன்னத்தில் வழியும் கண்ணீர். இரண்டு முழு நிமிடம்.

அவளேதான்!

"இதுதான் அவன் தெரிஞ்சுக்கறது," என்றான் வெண்டெல் ஆவலாக. "ஒண்ணு நம்மை விட்டுப் போறப்ப அழறது. அவன் ஊர்ல அது இல்ல..."

டெல்ஃபீன் திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டு வருடத்துக்கு முன், கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, நிச்சயித்தவன் விட்டுவிட்டுப் போனான். அதன்பின் மளிகைக் கடையில், வங்கியில், தேவாலயத்தில், எங்கே போனாலும் அந்தப் பார்வை... 'ஐயோ பாவம்' பார்வை. ஊரார் முன் இனி ஒரு சொட்டும் சிந்துவதில்லை என்று அன்றே முடிவெடுத்திருந்தாள்.

"என்னைக் கேட்டீங்களா?"

"கேட்டிருந்தா... நீங்க அழுகையை நிறுத்தியிருப்பீங்க."

"நிறுத்தியிருந்தா என்ன? அது என் அழுகை! ஊரே வரிசையா உக்காந்து பாக்கணுமா?"

"டெல்ஃபீன், அது இல்லன்னா இந்தப் படத்துக்கு உயிரே இல்லைங்க..."

"உங்க படத்துக்கு உயிர் வேணும்னா உங்க முகத்தை வெச்சுக்கங்க. என்னுதை எடுத்துடுங்க!"

கதவை அறைந்து சாத்திக்கொண்டு வந்துவிட்டாள். டோனட் கொடுப்பதற்கு முன் கேமராவைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான்! அதை நினைக்க நினைக்க நெஞ்சு எரிந்தது.

மறுநாள் மதியம், போகக்கூடாது என்று பத்து முறை சொல்லிக்கொண்டே போனாள். கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். செவ்வாய்க்காரர் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தார்... திரை இருண்டது. மழைச் சத்தம் மட்டும். பத்து நொடி... முப்பது நொடி...

"டேப் சிக்கிக்கிச்சு!" என்று யாரோ கத்தினார்கள். மன்றமே சிரித்தது. இருட்டு தொடர்ந்தது. விசில் பறந்தது. ஜன்னல் திரையிடுக்கில் வந்த மதிய வெளிச்சத்தில், முன்வரிசையில் வெண்டெலின் காதுகள் சிவந்திருப்பது இங்கிருந்தே தெரிந்தது. அவன் எழவில்லை, விளக்கம் சொல்லவில்லை. இரண்டு நிமிடமும் அந்தச் சிரிப்பை வாங்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான்.

டெல்ஃபீனால் சிரிக்க முடியவில்லை.

வெளியே வந்ததும் ஹோரஸ் புலம்பினார். காதோரம் இன்னும் பச்சை போகவில்லை. "வேற யாரையாவது வெச்சு எடுடான்னேன். என் பொண்டாட்டி வெங்காயம் உரிச்சுக்கிட்டு வந்து நிக்கறேன்னுகூடச் சொன்னா. கேட்டாத்தானே! 'அந்த இடம் ஒருத்தங்களுது, அங்க வேற யாரையும் வெக்க மாட்டேன்'ங்கறான். யாருதும்மா அது?"

"தெரியலையே..." என்றாள் டெல்ஃபீன்.

புதன்கிழமை பேய்மழை. சொன்ன நேரத்துக்கு வந்து கேமராவுக்குப் பின்னால் நின்றான் வெண்டெல். முகத்தைப் பார்க்கவில்லை. "மைக் சரியா இருக்குங்களா?" அவ்வளவுதான்.

ஆறரை. சிவப்பு விளக்கு எரிந்தது.

"வணக்கம், 'காணோமா? கிடைச்சதா?'" என்று தொடங்கினாள். போன் அடிக்கவில்லை. ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டு ஆயிற்று. ஒலிபெருக்கியில் மிசஸ் பெட்ராகிஸின் குரல். "போன் லைன் செத்துப்போச்சு, டெல்ஃபீன். இன்னும் இருபத்தெட்டு நிமிஷம் இருக்கு. எதையாவது பேசு!"

எதையாவது... அவள் லென்ஸைப் பார்த்தாள். அதன் பின்னால் இருந்தவனைப் பார்த்தாள்.

"சனிக்கிழமை ஊர் மன்றத்துல ஒரு படம் பாத்தீங்க. நடுவுல இருட்டா இருந்துச்சே, டேப் சிக்கிக்கிச்சுன்னு சிரிச்சீங்களே... டேப் சிக்கலை. அங்க நான் இருந்தேன்."

கேமரா லேசாக ஆடியது.

"ஒரு நாய்க்காக அழுதுக்கிட்டிருந்தேன். அசிங்கமா, மூக்கை உறிஞ்சிக்கிட்டு... எடுத்துடுங்கன்னு கத்தினேன். கேக்காம எடுத்தது தப்பு. இப்பவும் சொல்றேன், தப்புதான். ஆனா நான் ஒரு வார்த்தை சொன்னதுக்காகத் தன் படத்தோட உயிரையே எடுத்துட்டு, ஊர் சிரிக்கிறப்ப வாயைத் திறக்காம உக்காந்திருந்தார் பாருங்க... அப்படி ஒருத்தரை நான் பாத்ததில்ல."

"தப்புதாங்க..." கேமராவுக்குப் பின்னாலிருந்து குரல் கரகரத்தது. "படத்துக்காகன்னு சொன்னதும் பொய். மழையை எடுத்துக்கிட்டிருந்தேன், நீங்க வந்து உக்காந்ததும் கேமராவை நிறுத்தத்தான் போனேன். உங்களைப் பாத்தேனா... கையே வரலை."

"ஏன்?"

"ஏன்னு கேட்டா... எப்படிங்க சொல்றது? அந்த விண்கலம் உடைஞ்ச அன்னைலேர்ந்தே கை வரலைங்க."

டெல்ஃபீன் எழுந்தாள். மேஜையைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். அருகில் பார்த்தால் அந்த ஆற்று நிறக் கண்கள் கலங்கியிருந்தன.

"இன்னும் என்ன 'ங்க' வேண்டியிருக்கு?" என்றாள் மெதுவாக. "எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு, வெண்டெல். ரொம்ப..."

"எனக்கும்..." என்றபடி அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

ஒலிபெருக்கி அலறியது. "ரெண்டு பேரும் என்ன பண்றீங்க? ஊரே ஒரு காலி நாற்காலியைப் பாத்துக்கிட்டிருக்கு! மைக் வேற ஓடுது!"

அந்த நேரம் பார்த்து, செத்துக் கிடந்த போன் கணீரென்று அடித்தது. மிசஸ் பெட்ராகிஸ் அதை ஒலிபரப்பில் இணைத்துவிட்டார். யாரோ ஒரு பெண்மணி தயங்கித் தயங்கிப் பேசினார்.

"என் பூனையைக் காணோம்னு சொல்லத்தான் ரொம்ப நேரமா முயற்சி பண்றேன்... பரவாயில்லை, அது எங்கேயும் போகாது. நீங்க முதல்ல முடிங்க. நாங்க எல்லாரும் காத்துக்கிட்டிருக்கோம்."