காவலுக்கு வைத்த தொப்பி

அது எழுபத்தொன்பதாம் வருடத்து ஐப்பசி மாதம். மூன்று நாளாக மழை விடவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் பின்பக்கம் இருந்த சவக்கிடங்குக்குக் காலை எட்டு மணிக்குக் குடையை மடக்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள் லூர்தம்மாள். காக்கிச் சேலை, காக்கித் தொப்பி, கையில் லத்தி. பார்ப்பவர்கள் போலீஸ் என்று நினைப்பார்கள். அவள் போலீஸ் இல்லை. பால்வாடியில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா. மாதத்தில் நாலைந்து நாள் ஊர்க்காவல் படையில் வேலை செய்வாள். திருவிழாக் கூட்டத்தில் பெண்கள் வரிசையை ஒழுங்குபடுத்துவது, காணாமல்போன குழந்தையைத் தாயிடம் சேர்ப்பது, இப்படி.

பிணத்துக்குக் காவல் இருப்பது அன்றுதான் முதல் தடவை.

விடியற்காலையில் பிள்ளைப்பாக்கம் ஏரிக்கரையில் மாடு தேடிப் போனவர்கள் ஒரு பெண் கிடப்பதைப் பார்த்திருக்கிறார்கள். வலது கால் கறுத்து வீங்கியிருந்தது. பாம்பு தீண்டியிருக்க வேண்டும். ஊர் தெரியாது, பேர் தெரியாது. பஞ்சாயத்தார் வந்து பார்த்து எழுதிக் கையெழுத்துப் போடும்வரை பிரேதத்தைத் தனியாக விடக்கூடாது. கரை உடையாமல் பார்க்கப் போலீஸ்காரர்கள் எல்லோரும் செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போய்விட்டதால், ஏட்டு தணிகாசலம் லூர்தம்மாளுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்.

"அது எழுந்து ஓடாது, லூர்து. நீ ஓடாம இரு, போதும்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

ஒற்றை அறை. நடுவில் சிமெண்டு மேடை. மேடையின் மேல் வெள்ளைத் துணி மூடிய உருவம். துணியின் ஓரத்தில் ஒரு சாண் அகலத்துக்குப் பச்சைச் சேலை தொங்கி, அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பினாயில் வாடை, ஈரச் சுண்ணாம்பு வாடை, அவற்றுக்கு அடியில் இன்னொரு வாடை. லூர்தம்மாள் வாசலருகே முக்காலியைப் போட்டு, முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில் உட்கார்ந்தாள். ஜெபமாலையை உருட்டினாள். துணியைத் தூக்கிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

பன்னிரண்டு மணிக்கு மாற்றுக் காவலுக்கு அம்சவல்லி வரவேண்டும். வரவில்லை. தண்டலத்தில் ரோட்டின் மேல் தண்ணீர் போகிறது, பஸ் இல்லை என்று வார்டு நர்ஸ் மரகதம் வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரு மணி ஆயிற்று. மார்பு கனத்து வலித்தது. எட்டு மாதக் குழந்தை அமலி, ஆஸ்பத்திரிக்குப் பின்னால் மூன்றாவது தெருவில், பக்கத்து வீட்டு மீனம்மாளிடம் இருந்தாள். காலை ஆறு மணிக்குக் கொடுத்த பால். கஞ்சி ஊட்டினால் துப்பிவிடும் பிள்ளை. புருஷன் அம்பத்தூர் ஷிப்டுக்குப் போனவர், மழையில் எப்போது திரும்புவாரோ தெரியாது. பசியில் பிள்ளை கத்தும் சத்தம் மழையையும் மீறிக் காதில் விழுவதுபோல் இருந்தது.

ஊர்க்காவல் படையில் ஒரு வழக்கம் உண்டு. சட்டத்தில் இல்லாதது, ஆனால் எல்லோரும் செய்வது. அவசரத்துக்கு ஒதுங்கப் போகிறவர்கள் தொப்பியையும் லத்தியையும் காவல் இடத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். தொப்பி இருந்தால் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். லூர்தம்மாளும் முக்காலியின் மேல் தொப்பியை வைத்தாள். கூரை அங்கே ஒழுகியது. எடுத்து ஜன்னலில் வைத்தாள். அங்கும் சாரல். அறையில் நனையாத இடம் அந்த மேடை ஒன்றுதான்.

தொப்பியைத் துணிக்குள் இருந்த கையின் பக்கத்தில் வைத்தாள். லத்தியைச் சாய்த்து வைத்தாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளிடம் கூடையைக் காட்டிச் சொல்வதுபோல, பயத்தை மறைக்க வாய் தானாகச் சொன்னது:

"அக்கா, புள்ளைக்குப் பால் குடுத்துட்டு ஓடியாந்துடறேன். நீ கொஞ்சம் பாத்துக்கோ."

கதவைச் சாத்திக்கொண்டு ஓடினாள்.

தெருவில் ஒரு ஜீவன் இல்லை. முழங்கால் அளவுத் தண்ணீரில், சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து, மீனம்மாளின் வீட்டுக் கதவைத் தட்டினாள். பகல்தான், ஆனாலும் உள்ளே சிம்னி விளக்கு எரிந்தது. குழந்தையின் அழுகை கேட்கவில்லை.

மீனம்மாள் கதவைத் திறந்து ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னாடி, மறுபடியும் வந்துக்கீறே?"

லூர்தம்மாளுக்குப் புரியவில்லை.

"இப்பதானே தொப்பியும் கிப்பியுமா வந்து, செவுத்தப் பாத்து உக்காந்து, பால் குடுத்துட்டுப் போனே? கேட்டதுக்கு ஒரு வார்த்த பேசல. கையி வேற சில்லுனு இருந்துச்சு. ஆமா, அந்தப் பச்ச சேல எங்க? அதுக்குள்ள மாத்திக்கினியா?"

ஆஸ்பத்திரியிலிருந்து அங்கே வர ஒரே பாதைதான். வழியில் யாரும் அவளைக் கடந்து போகவில்லை.

பாயில் அமலி தூங்கிக்கொண்டிருந்தாள். வயிறு நிறைந்து உருண்டிருந்தது. உதட்டோரம் ஒரு சொட்டுப் பால்.

லூர்தம்மாள் குழந்தையை வாரி எடுத்தாள்.

சில்லென்றிருந்தது.

உலுக்கினாள். கன்னத்தைத் தட்டினாள். மார்பில் வைத்தாள். குழந்தை வாயைத் திறக்கவில்லை. மூச்சு இருந்தது. ஆனால் ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபத்தைச் சொல்லி முடித்துவிடலாம் போல இருந்தது.

குழந்தையை முந்தானையில் பொதிந்துகொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். மரகதம் நாடி பார்த்தாள். கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தாள். டாக்டரம்மா வந்து மார்பில் குழாயை வைத்துக் கேட்டார். விஷம் இல்லை, ஜுரம் இல்லை, வலிப்பு இல்லை. ஏன் விழிக்க மாட்டேன் என்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. வெந்நீர் பாட்டிலை வைத்துச் சூடு படுத்தலாம், காத்திருக்கலாம் என்றார்.

லூர்தம்மாள் காத்திருக்கவில்லை. எங்கே கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மாதாவே மாதாவே என்று சொல்லிக்கொண்டு குழந்தையோடு பின்பக்கம் நடந்தாள்.

சாத்திய கதவு சாத்தியபடியே இருந்தது.

தள்ளினாள்.

உருவம் மேடையில் படுத்திருந்தது. துணி மூடியிருந்தது. தொப்பி வைத்த இடத்திலேயே இருந்தது.

தொப்பி தொப்பலாக நனைந்திருந்தது.

காலையில் சேலை சொட்டிய ஈரமும் போய், மேடையைச் சுற்றித் தரை காய்ந்து கிடந்தது. மேலே ஓடு ஒழுகவில்லை. தொப்பியின் விளிம்பிலிருந்து மட்டும் ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு.

இந்தத் தடவை அவள் துணியை விலக்கினாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். கண்கள் பாதி திறந்திருந்தன. கறுத்த காலின் விரல் இடுக்கில் தெருச் சேறு ஈரமாக ஒட்டியிருந்தது. காலையிலிருந்து சொட்டிச் சொட்டிப் பச்சைச் சேலை உலர்ந்துவிட்டது. மார்பின் மேல் இரண்டு வட்டங்கள் மட்டும் உலரவில்லை. அந்த ஈரம் என்ன என்று பால் கொடுக்கிற எந்தப் பெண்ணுக்கும் தெரியும்.

லூர்தம்மாளின் ரவிக்கையிலும் அதே இரண்டு வட்டங்கள் இருந்தன.

"அக்கா" என்றாள். "உம் புள்ள எங்கக்கா?"

ஓட்டின் மேல் மழை.

"எம் புள்ளைய விட்டுடு. உம் புள்ளைய நான் தேடித் தர்றேன்."

கையில் இருந்த அமலி ஒரு மூச்சு விட்டாள். அடுத்த மூச்சு வர வெகு நேரமாயிற்று.

மூன்று மணிக்கு ஜீப் வந்தது. லூர்தம்மாள் தணிகாசலத்தின் காலில் விழாத குறை. காவலை விட்டுப் போனதை மறைக்கவில்லை. மீனம்மாள் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. இவளுக்குக் கைக்குழந்தை இருக்கிறது, ஏரிக்கரையில்தான் எங்கேயோ இருக்கிறது, தேடுங்கள் ஏட்டய்யா என்றாள். காலையில் பிரேதத்தை எடுக்கும்போது கரையில் நாற்பது பேர் நின்றோம், ஒரு சத்தமும் கேட்கவில்லை என்றார் அவர். பிறகு மேடையில் கிடந்தவளின் மார்புச் சேலையில் இருந்த ஈரத்தைப் பார்த்தார். நாலு பிள்ளை பெற்ற மனுஷன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"நீயும் வா."

"இல்ல ஏட்டய்யா. ஒரு தடவ வுட்டுட்டுப் போய்ட்டேன். இனிமே இவள வுட்டு நவுர மாட்டேன்."

ஜீப் போய்விட்டது. வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. லூர்தம்மாள் அமலியை மார்போடு கட்டிக்கொண்டு, ஒரு குவளைத் தண்ணீரைக் கொண்டுவந்து, அந்தப் பெண்ணின் கால் சேற்றைக் கழுவினாள். விரல் விரலாகத் துடைத்தாள். தலைமுடியில் ஒட்டியிருந்த புல்லை எடுத்தாள். பாதி திறந்த கண்களை மூடினாள்.

திரும்பிப் பார்த்தபோது அவை பாதி திறந்திருந்தன.

அவை அமலியைப் பார்த்துக்கொண்டிருந்தன.

லூர்தம்மாள் ஓடவில்லை. ஜெபமாலையில் எத்தனையாவது மணி என்ற எண்ணிக்கை தப்பிவிட்டது. முதலிலிருந்து தொடங்கினாள். மீண்டும் தப்பியது. மீண்டும் தொடங்கினாள்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஜீப் சத்தம் கேட்டது. தணிகாசலம் மழைக்கோட்டுக்குள் எதையோ அணைத்தபடி இறங்கினார். கரைக்குக் கீழே, பூட்டிக் கிடந்த மோட்டார் கொட்டகையின் பின்புறத் தாழ்வாரத்தில், கூடைக்குள், பழந்துணியில் சுற்றி வைத்திருந்ததாம். நனையாமல் இருக்கட்டும் என்று அங்கே வைத்துவிட்டு, உதவிக்கு ஆள் கூப்பிடக் கரை ஏறியிருக்கிறாள். ஒரு மாத ஆண் குழந்தை. அழுது அழுது தொண்டை கட்டிவிட்டதால் சத்தமே வரவில்லை. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது.

லூர்தம்மாள் அமலியை, ஜீப் சத்தம் கேட்டு வந்த மரகதத்திடம் கொடுத்துவிட்டு அந்தக் குழந்தையை வாங்கினாள். அவன் தாயின் மேடைக்கு அருகிலேயே உட்கார்ந்து, மார்பில் சேர்த்தாள். அவன் குடிக்கத் தொடங்கினான்.

மரகதத்தின் கையில் அமலி வீறிட்டு அழுதாள். உடம்பு சூடாக இருந்தது.

மறுநாள் பஞ்சாயத்தார் வந்து கையெழுத்துப் போட்டார்கள். உரிமை கோரி யாரும் வரவில்லை. தணிகாசலமும் லூர்தம்மாளின் புருஷனும் இன்னும் இருவரும் தூக்கிக்கொண்டு போய் அடக்கம் செய்தார்கள். லூர்தம்மாள் தன் கல்யாணத்துக்கு வந்த சேலை ஒன்றை அவளுக்குப் போர்த்தினாள். பூந்தமல்லி குழந்தைகள் இல்லத்துச் சிஸ்டர்கள் வரும்வரை பையன் அவள் வீட்டிலேயே இருந்தான். உத்தரத்தில் இரண்டு தூளி கட்டினாள். ஒன்றை ஆட்டிவிட்டு மற்றதிடம் போவாள். விட்டுப்போன தூளி நிற்காமல் அதே வேகத்தில் ஆடிக்கொண்டிருக்கும். தாய் வந்து பார்க்கிறாள் என்று நினைத்தாள். பயந்தாலும், அவள் பிள்ளையை அவள் பார்க்கிறாள், பார்த்துவிட்டுப் போகட்டும் என்று சிலுவை போட்டுக்கொண்டு பேசாமல் இருந்தாள்.

ஐந்தாம் நாள் சிஸ்டர்கள் வந்தார்கள். ஞாயிறுதோறும் வந்து பார்ப்பதாகச் சொல்லிப் பையனைக் கொடுத்தாள். அவன் தூளியை அவிழ்த்து மடித்து வைத்தாள். பிள்ளையோடு தாயும் போயிருப்பாள், இனி நிம்மதி என்று அடுப்படிக்குப் போய் உலை வைத்தாள்.

அமலி சிணுங்கினாள். கை வேலையாக இருந்தது, உடனே போகவில்லை. சிணுங்கல் தானாக அடங்கியது.

லூர்தம்மாள் எட்டிப் பார்த்தாள்.

காற்று இல்லாத வீட்டில், அமலியின் தூளி மெல்ல மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே குழந்தை பால் குடிக்கும் சத்தம் கேட்டது.